குரங்குக்கு நீட்டிய சீர் தட்டு

என் மகனுக்குப் பெண் கேட்கக் கொண்டுபோன சீர் தட்டை நான் ஒரு குரங்குக்குக் கொடுத்துவிட்டேன். குரங்கு பிடுங்கிக்கொண்டது என்றுதான் உறவினர்களிடம் சொல்லிவருகிறேன். கொடுத்தேன் என்பதே சரி.

ரவாங்கிலிருந்து கோலசிலாங்கூரில் இருக்கும் பெண் வீட்டுக்கு நானும் மனைவியும் காரில் போனோம். மகன் வேலை முடிந்து நேரே அங்கே வருவதாக ஏற்பாடு. சகுனம் பார்க்கிற வீடு, தட்டு குறையில்லாமல் போகவேண்டும் என்று தரகர் முதலிலேயே எச்சரித்திருந்தார். நல்ல நேரத்துக்கு இன்னும் பொழுது இருந்தது. சும்மா இருந்திருக்கலாம்.

"பக்கத்துல இருக்குற மலாவத்தி மலைக்கு ஒரு நடை போய்ட்டுப் போலாம். உலகமே வந்து பார்க்குற குரங்கு" என்றேன்.

மின்மினி, கழுகு, வெள்ளிக்குரங்கு என்று விளம்பரப் பலகைகளில் நம் நாட்டு அதிசயங்கள் வரிசைகட்டி நிற்கும். எங்கள் தோட்டத்து லய வீட்டு வாசலில் விளக்குமாற்றால் விரட்டிய பிராணிகளை, தொப்பி போட்டவர்கள் விமானம் ஏறி வந்து பார்த்து வாய்பிளக்கிறார்கள். அன்று நானும் அவர்களோடு வாய்பிளந்தேன். தோட்டத்தில் பிறந்தவன், எனக்குத் தெரியாத மிருகமா என்று கல்யாணமான நாளிலிருந்து மனைவியிடம் அளந்துவருகிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் செம்பனையும் கொசுவும்தான்.

மலையுச்சியில் சாம்பல் நிறக் குரங்கு ஒன்று, ஆரஞ்சுக் குட்டியை இடுக்கிக்கொண்டு கார் அருகே வந்து பணிவாகக் கை நீட்டியது. தீனி போடாதீர்கள் என்று பக்கத்திலேயே பலகை. அது விவரம் தெரியாதவர்களுக்கு.

"ஒரு பழம் எடு."

"சீர் தட்டுங்க இது! இதுல கை வைப்பாங்களா?"

"சாதுவான பிராணி. ஆஞ்சநேயர் மாதிரி."

"ஆஞ்சநேயருக்குக் கடையில வாங்கிக் குடுங்க."

நான் கேட்கவில்லை. தட்டை அவள் மடியிலிருந்து வாங்கி, அதுவே எடுத்துக்கொள்ளட்டும் என்று சன்னல் வழியாக நீட்டினேன். சாம்பல்காரி தயங்கினாள். அதற்குள் மரத்திலிருந்து பழுப்பு நிறத் தடியன் ஒருவன் குதித்தான். அது வேறு இனம், வழிப்பறி இனம் என்று அப்போதுதான் தெரிந்தது. வாழைச்சீப்பு, வெற்றிலை, மல்லிகை எல்லாம் போயின. தட்டு தார்ச்சாலையில் விழுந்து நெளிந்தது. அவன் மலையுச்சிக் கோட்டையின் பழைய பீரங்கிமேல் உட்கார்ந்து, என் மகனின் கல்யாணத்தை உரித்துத் தின்றான். தொப்பிக்காரர்கள் படம் எடுத்தார்கள்.

தேங்காய் மட்டும் மிஞ்சியது. வழியில் கிடைத்த நோஞ்சான் பழங்களை அதோடு நெளிந்த தட்டிலேயே வைத்துக்கொண்டு பெண் வீட்டில் நுழைந்தோம். நான் ஒரு கதை தயாரித்து வைத்திருந்தேன். மனைவி அதற்கு முன்பே நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டாள். மகன் என்னைப் பார்க்கவேயில்லை.

பெண்ணின் அம்மா எழுந்துவந்து, நெளிந்த தட்டை என் மனைவியிடமிருந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தட்ட மொதல்ல அங்கதான நீட்டியிருக்கீங்க, அண்ணே. சம்பந்தத்தையும் அங்கயே பேசி முடிச்சிருக்கலாமே லா."