கேட்டுவிட்டு வாயை மூடுதல்

பேட்டி எடுப்பது வாயால் செய்யும் தொழில் என்று நம்பி அதில் இறங்கிய சக பாவிகளே, உங்களில் நானும் ஒருத்தி.

நான் சிறுமியாக இருந்தபோது துறைமுகத்தில் கப்பல் ஊதும். ஊதி ஓய்ந்ததும் எல்லோரும் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நான் மட்டும் நிற்பேன். கொஞ்சம் பொறுத்தால், எதிர்க்கரைக் குன்றுகளில் பட்ட அந்த ஒலி மெலிந்து, வேறு யாரோ பதில் சொல்வதுபோலத் திரும்பி வரும். இந்தத் தொழிலுக்கு வேண்டியதை அன்றே கற்றிருந்தேன் என்பது அறுபத்தெட்டு வயதில்தான் தெரிந்தது.

நூலக வேலையில் ஓய்வு பெற்று, கணவரும் போன பிறகு, பாலையூற்று வீட்டில் என்னோடு கதைக்க வானொலி மட்டும் இருந்தது. அப்போதுதான் ஓர் ஆய்வுக் குழு பேட்டி எடுக்க ஆள் தேடியது. கரையோரத்தில் சீனி வருத்தக்காரருக்கென்று, அதாவது நீரிழிவுக்காரருக்கென்று, ஒரு சின்னக் கிளினிக் இருந்தது. அங்கே பெண்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஆள் வராத கிளினிக்கை மூடிவிடலாமென்று மேலிடத்தில் யோசனை. ஏன் வரவில்லை என்று கேட்டறிவது எங்கள் வேலை. நான் முதலில் போனது கருவாடு போடும் பூமணியிடம். அவருடைய இடது காலில் ஆறாத புண். கிளினிக்கை மூடினால் இரண்டு பஸ் பிடித்து நகரத்துக்குப் போகவேண்டும். அவர் போகமாட்டார் என்பது அந்தக் காலோடு அவர் நடந்த நடையைப் பார்த்த எவருக்கும் தெரியும்.

முதல் ஒலிப்பதிவு

கேள்விகளை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டு போனேன். முக்கால் மணி நேரம் பதிவு செய்து, பெருமையோடு திரும்பினேன். எங்கள் குழுவை நடத்துபவள் நிலூபா, கிண்ணியா ஊர்ப் பெண்பிள்ளை, என் வயதில் பாதிகூட இல்லை. காதுக்கருவியை மாட்டிக்கொண்டு பதிவைக் கேட்டாள். சீனி வருத்தம் என்றால் என்ன, சோற்றை எப்படிக் குறைப்பது, நடப்பதால் என்ன நன்மை, எல்லாவற்றையும் நான் விளக்கியிருந்தேன். பூமணியின் பங்கு "ஓம்", "ஓம் டீச்சர்" (படித்த பெண்களெல்லாம் அவருக்கு டீச்சர்), இடையில் ஒருமுறை "தேத்தண்ணி ஊத்தட்டா?"

நிலூபா கருவியை மெதுவாகக் கழற்றி வைத்தாள். "நல்ல பேட்டி அன்ரி. உங்களை ஆர் பேட்டி எடுத்தது?"

கதிரையில் இருந்தவர்

இரண்டாம் முறை வாயைக் கட்டிக்கொண்டு போனேன். அன்று பூமணியின் கணவர் வீட்டில் இருந்தார். எனக்கு ஒரு கதிரை, தனக்கு ஒரு கதிரை போட்டார். பூமணி குசினி வாசலில் நின்றார். நான் பூமணியைக் கேட்டேன். கணவர் பதில் சொன்னார். எப்போது வருத்தம் வந்தது, என்ன குளிசை, எத்தனை வேளை, எல்லாம் கடகடவென்று வந்தது. கிளினிக்குக்கு ஏன் போவதில்லை என்றதற்கும் அவரே, "அவவுக்குப் பஞ்சி" என்றார், வெறும் சோம்பல் என்பதுபோல.

எங்கள் தொழிலில் இதற்கொரு வழி உண்டு: குறுக்கே வருகிறவருக்கும் தனியாக ஒரு பேட்டி. வெளியே அழைத்துப்போய் அவருடைய இயந்திரப் படகைப் பற்றிக் கேட்டேன். ஒரு மணி நேரம் போனது, என் அன்றைய பொழுதும் போனது. புறப்படும்போது பூமணி படலைவரை வந்து மெல்லச் சிரித்தார்.

"என்ர வருத்தமெல்லாம் அவருக்குப் பாடம் டீச்சர். ஒருநாளும் கிளினிக் வாசல் மிதிச்ச மனிசன் இல்லை."

மஞ்சள் ஒட்டுத்தாள்

பேட்டிகளை எழுத்தாக்கி, வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு சின்னப் பெயர் ஒட்டவேண்டும். ஒரே மாதிரியான பெயர்கள் சேர்ந்து ஒரு காரணமாகத் திரளும். முப்பது வருடம் புத்தகங்களை வகைப்படுத்தியவளுக்கு இது சீனி தின்னும் வேலை. இரண்டாம் பதிவில், கணவர் மூச்சு வாங்கிய ஓரிடத்தில் பூமணி, "போகத்தான் வேணும், விடிஞ்சா நேரம் போயிடுது" என்றிருந்தார். நான் மஞ்சள் தாளில் 'அக்கறையின்மை' என்று எழுதி ஒட்டினேன். நாங்கள் பேட்டி எடுத்த மற்றப் பெண்களின் தாள்களிலும் மஞ்சள் பூத்துக் குலுங்கியது. இந்த மஞ்சளோடு அறிக்கை போனால் கிளினிக் மூடப்படும் என்று எனக்கு உறைக்கவே இல்லை.

நிலூபா அந்த வரியை ஒலிப்பதிவில் திரும்பப் போட்டாள். "நேரம் போயிடுது" என்றதற்குப் பிறகு ஒரு மௌனம். அது முடியுமுன் என் குரல், அடுத்த கேள்வியோடு. "அவ இன்னும் சொல்லி முடிக்கேல்லை அன்ரி. நீங்க அதுக்குள்ள பேர் வைச்சிட்டீங்க."

மூன்றாம் முறை

மணலில் பழைய வலை விரித்து, பூமணி கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் குந்தினேன். "விடிஞ்சா என்ன நடக்கும்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடினேன். ஒரு வரிசை மீனைப் புரட்டினார். இரண்டாவது வரிசை. கப்பல் ஊதி ஓய்ந்தபின் நின்ற சிறுமியை நினைத்துக்கொண்டு இருந்தேன்.

பிறகு வந்தது. இரத்தம் எடுக்க வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள். விடிய வள்ளம் வந்துவிடும். வெயில் ஏறுமுன் மீனை வெட்டி உப்புப் போடவேண்டும். பசியோடு வெட்டி முடித்து, ஓடிப்போய் வரிசையில் நின்று, ஒருநாள் மயங்கி விழுந்திருக்கிறார். தண்ணீர் தெளித்து எழுப்பிய கிளினிக் ஊழியர் ஒருவர், பிந்தி வந்ததற்காக எல்லோர் முன்னும் ஏசியிருக்கிறார்.

"விழுந்தது வெக்கமில்லை டீச்சர். 'உங்களுக்கு அக்கறை இல்லை' எண்டு சொல்லிப்போட்டினம். அதுக்குப் பிறகு எந்த முகத்தோட போறது?"

அன்று வீட்டுக்கு வந்து மஞ்சள் தாள்களை ஒவ்வொன்றாக உரித்தேன். சில இடங்களில் தாளோடு எழுத்தும் கிழிந்து வந்தது. மறுபடி எல்லோரிடமும் போனோம். வெவ்வேறு வாயால் வெறும் வயிறும் வள்ளமும் வந்தன.

அறிக்கைக்குப் பிறகு

கிளினிக்கை மூடவில்லை. கிளினிக் நாளில் வள்ளம் வருமுன் ஒரு தாதி கரைக்கே வந்து இரத்தம் எடுப்பது, பெண்கள் சாப்பிட்டு, மீன் வேலை முடித்து, ஆறுதலாக வந்து மருத்துவரைப் பார்ப்பது என்று ஏற்பாடாயிற்று. முதல் நாள் நானும் போனேன், வேலையில்லாமல். பூமணிதான் வரிசையில் முதல் ஆள். கையை நீட்டிக்கொண்டு கடலையே பார்த்தபடி நின்றார்.

"கெதியா எடுங்கோ பிள்ளை, வள்ளம் வந்திடும்."

கேட்டுவிட்டுக் காத்திருப்பதே இந்தத் தொழில் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், அதையும் அவர்களைப் பேசவிடாமல் ஒரு மணி நேரம். பூமணியின் இடது காலில் சின்னவிரலை வெட்டி எடுக்கவேண்டி வந்தது. புண் ஆறிவிட்டது, ஒரு மாதமும் அவர் கிளினிக்கைத் தவறவிடவில்லை.