வராத வண்டியின் பின் இருக்கை

எங்கள் வீட்டுக்கு அந்த மோட்டார்சைக்கிள் வருவதற்கு முன்பே அதற்கு இடம் ஒதுக்கியாயிற்று. ஜெர்மனியின் ஹனோவரில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் பின்புறம், சைக்கிள்கள் நிறுத்துகிற கூரையின் கீழ், மாமா என் சின்னச் சைக்கிளை ஓர் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு மிச்ச இடத்தைக் காலடியால் அளந்து பார்த்துத் திருப்திப்பட்டார். வண்டியை எந்தக் கடையிலும் விற்கவில்லை. விற்பது இருக்கட்டும், அதைச் செய்கிற கம்பனி அப்படியொன்று வரப்போகிறதென்று வாயே திறக்கவில்லை. அதனால் என்ன? மாமாவுக்கு அதன் நிறம் வரை தெரிந்திருந்தது.

மாமா அம்மாவின் அண்ணன். கலியாணம் செய்துகொள்ளாமல் எங்களோடேயே இருந்தவர். பெரிய வெதுப்பகம் ஒன்றில் ரொட்டி சுடும் வேலை செய்ததால் அவர் வீட்டுக்குள் நுழையும்போது பாண் வாசமும் கூடவே நுழையும். அவருடைய இடது கணுக்கால் மடங்காது. யாழ்ப்பாணத்தில் இளவயதில் மோட்டார்சைக்கிளோடு விழுந்ததில் எலும்பு நொறுங்கி, பொருந்தியது பொருந்தியபடியே இறுகிவிட்டது. ஒரு பக்கம் தாழ்ந்து எழும்பித்தான் நடப்பார். மீசையைப் போல அதுவும் அவரோடு சேர்ந்த ஒன்று என்று நான் நினைத்திருந்தேன். மோட்டார்சைக்கிளில் கியர் மாற்றுவது இடது காலால். பாதத்தை மடக்கி, விரல் நுனியால் நெம்ப வேண்டும். அந்த ஒரு நெம்பலுக்கு வழியில்லாமல்தான், விழுந்த நாளுக்குப் பிறகு அவர் எந்த மோட்டார்சைக்கிளிலும் ஏறவில்லை.

அப்படிப்பட்டவரிடம் வந்து, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஒரு பெரிய வண்டி வரப்போகிறது என்று சொன்னால் என்ன ஆகும்? சொன்னவர் கோயம்புத்தூர் அண்ணா. ஆஹென் நகரில் இயந்திரங்களைப் பற்றிப் படித்துவிட்டு ஹனோவருக்கு வேலைக்கு வந்து, எங்களுக்கு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தார். மலை, பாலைவனம், ஆறு எதையும் பாராமல் கண்டம் விட்டுக் கண்டம் போகிற வண்டியாம். "அட்வென்ச்சர் டூரர்ல ஆட்டோமேட்டிக் கியர் அண்ணா! ஆல்மோஸ்ட் கன்ஃபர்ம்" என்றார். அந்த 'ஆல்மோஸ்ட்' மாமாவின் காதில் விழவேயில்லை.

அன்றிலிருந்து சனிக்கிழமைப் பின்னேரங்களில் எங்கள் குசினியில், அடுப்புக்கு எதிரே உள்ள மேசையில் மகாநாடு கூடும். மாமா, அப்பா, கோயம்புத்தூர் அண்ணா, பிறகு நான். சோதனை ஓட்டத்தின்போது யாரோ ஒளிந்திருந்து எடுத்த படங்களை அண்ணா தன் கைபேசியில் காட்டுவார். வண்டியின் உருவம் தெரியக்கூடாதென்று உடம்பு முழுக்கக் கறுப்பு வெள்ளைச் சுழிகள் ஒட்டியிருப்பார்கள். மூவரும் படத்தைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்ப்பார்கள். பாழாய்ப்போனவர்கள் எல்லோரும் வலப்பக்கத்திலிருந்தே படம் எடுத்திருந்தார்கள். கியர் மிதி இருக்கிறதா இல்லையா என்று தெரிய வேண்டிய இடப்பக்கம் ஒரேயொரு படத்தில்தான் இருந்தது. அதிலும் ஓட்டுபவரின் சப்பாத்துக்குக் கீழே ஒரு கறுப்பு. அது மிதியா, நிழலா? "நிழல்தான்" என்பார் மாமா. "நிழல் மாதிரித்தான் கிடக்கு" என்று அப்பா ஒத்து ஊதுவார். அண்ணா தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "சான்ஸ் இருக்கு" என்பார்.

நிழல் என்று முடிவானதும் பயணம் தொடங்கிவிடும். என் பள்ளிக்கூட அட்லஸ் மேசையில் விரியும். வெளியே மழை தூறிக்கொண்டிருக்க, யன்னல் கண்ணாடியில் ஆவி படிந்திருக்க, மாமாவின் விரல் ஆஸ்திரியாவைக் கடந்து மெதுவாகக் கிழக்கே போகும். துருக்கியில் ஏரிக்கரையில் தேத்தண்ணி. ஈரானில் மாதுளம்பழம். அப்பா அந்த வண்டியில் ஏறப்போவதேயில்லை. ஆனால் இடப்பக்கப் பெட்டியில் மிளகாய்த்தூளா உடுப்பா என்று மணிக்கணக்காக யோசிப்பார். கோயம்புத்தூருக்கு வந்ததும் அண்ணா வழியை மறித்துவிடுவார். "எங்க வீட்ல சாப்பிடாம எப்படிப் போவீங்க?" சாப்பிட்டுவிட்டு ராமேஸ்வரம் போனால் அங்கே சாலை முடிந்துவிடும். எதிரே கடல். கடலுக்கு அப்பால்தான் யாழ்ப்பாணம். விரல் அந்த நீலத்தின் ஓரத்தில் வந்து நிற்கும்போது எல்லோரும் அட்லஸையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போவார். ஒருநாள் எனக்குப் பொறுமை போய், பென்சிலால் கடலின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டேன். அதன்பிறகு எல்லோரும் அந்தக் கோட்டின் மேலேயே யாழ்ப்பாணம் போய் வந்தார்கள்.

என் கவலை வேறு. பின்னால் யார் இருப்பது? என்னை விட்டால் வேறு ஆளில்லை என்றுதான் நம்பியிருந்தேன். பிழையில்லாமல் ஜெர்மன் வாசிக்கவும், எல்லைகளில் பேசவும் என்னைப் போல யார் இருக்கிறார்கள்? மாமா ஒரே போடாகப் போட்டார். "பின் சீற் உன்ரை அம்மாவுக்கு. அவ ஏறாட்டி நான் வாங்கேல்லை."

அம்மா அடுப்படியில் நின்றபடி திரும்பாமலே பதில் சொல்வார். "என்னாலை ஏலாது. உந்த எருமையிலை நான் ஏற மாட்டன்." வராத வண்டிக்கு அம்மா வைத்த பெயர் எருமை. மாமா அதற்குக் கோபித்ததில்லை. ஆனால் பிடியையும் விட்டதில்லை. வேண்டாம் என்பவருக்கு இடம் இருக்கிறது, வேண்டும் வேண்டும் என்று குதிப்பவளுக்கு இல்லை. அந்த வயதில் இதைவிடப் பெரிய அநியாயம் உலகத்தில் எனக்குத் தெரியாது. அம்மா மோட்டார்சைக்கிளை வெறுக்கிறார், மாமா வேண்டுமென்றே அவரைச் சீண்டுகிறார் என்று எனக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

அந்தக் கோடையில் ஊன்ட்றொப் என்ற ஊரில் இருக்கிற அம்மன் கோவில் தேருக்குப் போனோம். அப்பா ஒரு வானை இரவல் வாங்கியிருந்தார். ஆண்கள் எல்லோரும் பட்டு வேட்டி. கோயம்புத்தூர் அண்ணாவுக்கு அப்பாவின் வேட்டி கட்டையாகி, கணுக்காலுக்கு மேலே நின்றது. அம்மாவின் மடியில், தேங்காயும் எலுமிச்சையும் வைத்த அர்ச்சனைத் தட்டு. ஓட்டோபான் நெடுஞ்சாலையில் பாதி வழி போனதும் ஒரு தரிப்பிடத்தில் நிறுத்தினோம். நான்தான் முதலில் கண்டேன். பெற்றோல் நிலையத்துக்குப் பக்கத்தில், நடு ஸ்டாண்டில், உடம்பு முழுக்கக் கறுப்பு வெள்ளைச் சுழிகளோடு, அது நின்றது.

நான் கத்திய கத்தலில் மூவரும் வானை விட்டுப் பாய்ந்தார்கள். கோவிலுக்குப் போகிற உடுப்பில் மூன்று பெரிய ஆண்கள் ஒரு மோட்டார்சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வருவதை அங்கே கோப்பி குடித்துக்கொண்டிருந்த சனம் பார்த்து நின்றது. கோயம்புத்தூர் அண்ணா, சோதனை வண்டியேதான் என்பதுபோல, "ப்ரோட்டோடைப்… ப்ரோட்டோடைப்…" என்று முணுமுணுத்தார். அப்பா ஓடிப்போய் அம்மாவின் தட்டிலிருந்து இரண்டு தேசிக்காய்களை எடுத்து வந்து முன் சில்லுக்கடியில் ஒன்று, பின் சில்லுக்கடியில் ஒன்று வைத்துவிட்டு, முன்விளக்கில் திருநீற்றை மூன்று கோடாக இழுத்தார். ஆருடைய வண்டி, எவருடைய தேசிக்காய் என்ற யோசனை ஒருவருக்கும் இல்லை. புது வாகனம் கண்முன்னே நிற்கிறது. அம்மன் கோவிலுக்குப் போகிற வழியில் நிற்கிறது. வேறென்ன செய்வது?

மாமா மட்டும் ஒன்றிலும் கலந்துகொள்ளவில்லை. காலை இழுத்து இழுத்து இடப்பக்கம் போய், வேட்டியை ஒதுக்கிக் குனிந்து பார்த்தார். நானும் குனிந்தேன். நிழலில்லை. இரும்பில், பளபளவென்று, கியர் மிதி இருந்தது. "இருக்குது" என்றார். நிமிர்ந்தவர் எங்களைப் பார்க்காமல் ஓட்டோபானைப் பார்த்தார். எனக்கு அட்லஸில் நான் போட்ட கோட்டை யாரோ அழித்துவிட்டாற்போல இருந்தது.

அந்த நேரம் வண்டிக்காரர் வந்தார். வெள்ளைத் தாடி, கையில் கோப்பி. முன்விளக்கில் திருநீற்றையும் சில்லுக்கடியில் தேசிக்காயையும் பார்த்துவிட்டு, கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றார். பேசக்கூடியவள் நான்தானே? வண்டி நல்லபடி ஓடுவதற்காக என்று ஜெர்மனில் விளக்கினேன். இது இனிமேல் வரப்போகிற வண்டிதானே, இரகசியமாகச் சோதிக்கிறீர்களா என்றும் கேட்டேன். அவர் கோப்பி தளும்பத் தளும்பச் சிரித்தார். வண்டி என்னைவிட வயது கூடியதாம். நிறம் மங்கிப் போனதால் பேரப்பிள்ளைகள் சுழி போட்ட தாள் வாங்கி ஒட்டிவிட்டார்களாம்.

நான் மொழிபெயர்த்து முடிக்கவில்லை, மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிட்டார். ஏமாந்துபோனதற்கு ஒரு மனிதன் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் கண்டதில்லை. இது பழசு! புதுசு இன்னும் வரவில்லை! அப்பா அண்ணாவின் முதுகில் அடித்தார். அண்ணா கண்ணைத் துடைத்தார். வண்டிக்காரருக்கு என்ன விளங்கியதோ, ஏறிப் பார் என்று மாமாவுக்குக் கை காட்டினார்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். அப்பா ஒரு பக்கம் பிடிக்க, மடங்காத காலை மெல்லத் தூக்கி மறுபக்கம் போட்டு ஏறி இருந்தார். கைப்பிடிகளைப் பற்றினார். அவர் முதுகு நேரானதைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் நடமாடுகிற மாமா அல்ல அது, வேறு யாரோ ஓர் இளந்தாரி. நான் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின் இருக்கைக்கு ஓடினேன். அதற்குள் அவர் வான் பக்கம் திரும்பிவிட்டார்.

"வா," என்றார் அம்மாவிடம். "எங்கையும் போகேல்லை. சும்மா ஏறு."

வழக்கமான பதில் வரும் என்று காத்திருந்தேன். அம்மா தட்டை வானின் இருக்கையில் வைத்தார். பட்டுச்சேலையின் கொய்யக மடிப்பை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு, ஒருவரையும் பாராமல் நேராக நடந்து வந்து, என்னைத் தாண்டி, அந்தப் பின் இருக்கையில் ஒருபக்கமாக ஏறி இருந்தார். ஒரு கையை மாமாவின் தோளில் வைத்தார். என் கண்ணில் தண்ணீர் முட்டியது. துரோகம் என்ற சொல் அப்போது தெரிந்திருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன்.

எஞ்சின் ஓடவில்லை. பின் சில்லு நிலத்திலும் சரியாகப் படவில்லை. பக்கத்தில் லொறிகள் போய்க்கொண்டிருந்தன. அந்தக் காற்றில் சேலைத் தலைப்பு பறந்ததால் வண்டி ஓடுவது போலத்தான் இருந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"மெல்லப் போங்கோ அண்ணா," என்றார். "அவசரமில்லை. நேரம் கிடக்கு."

மாமா முன்னால் பார்த்தபடியே தலையை ஆட்டினார். எனக்கு அழுகை மறந்து சிரிப்பு வந்துவிட்டது. நிற்கிற வண்டியில் ஏறி இருந்துகொண்டு மெல்லப் போகச் சொல்கிறாரே! விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து என் தலையில் கை வைத்தார்.

நாங்கள் காத்திருந்த புது வண்டி பல வருடங்கள் கழித்துத்தான் வந்தது. மகாநாட்டில் சொன்னவற்றில் பெரும்பாலானவை பிழை. கியர் மட்டும் சரி. மாமா வாங்கிவிட்டார். ஆஸ்திரியாவை இன்னும் தாண்டவில்லை, ஆனால் அட்லஸ் வண்டிப் பெட்டிக்குள் இருக்கிறது. எனக்கும் அந்த ஆசை தொற்றி, ஓட்டுநர் உரிமத்துக்குப் படித்துக்கொண்டிருந்த நாளொன்றில், அம்மா பாத்திரம் துடைத்தபடி தானாகவே சொன்னார். மாமா விழுந்த அன்று யாழ்ப்பாணத்தில் அம்மாவுக்குப் பெரிய சோதனை, பள்ளிப் பரீட்சை. இராணுவச் சோதனைச்சாவடியில் மறித்து வைத்ததில் நேரம் போய்விட்டது. மாமாவின் பின்னால் இருந்துகொண்டு, முதுகில் குத்திக் குத்தி, கெதியாப் போங்கோ, கெதியாப் போங்கோ என்று வேகமாக ஓட்டச் சொல்லி அந்தரப்படுத்தியது அம்மாதான். மணல் திருப்பத்தில் வண்டி சறுக்கியது. மதகுக்கும் வண்டிக்கும் நடுவில் கால் மாட்டிக்கிடக்க, மாமா அந்த வழியால் வந்த ஒருவரின் சைக்கிளில் அம்மாவை ஏற்றிச் சோதனைக்கு அனுப்பிவிட்டார். அம்மா போய் எழுதினார். சோதனையில் சித்தியடைந்து தேறியும்விட்டார். அந்த நாளைப் பற்றி இரண்டு பேரும் அதன்பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை.

பேசினார்கள், ஒரே ஒரு தடவை, ஓட்டோபான் ஓரத்தில், முன்பின் தெரியாத ஒருவரின் பழைய வண்டியில் ஏறியிருந்து. என் இடம் பறிபோய்விட்டது என்பதைத் தவிர அன்று எனக்கு வேறொன்றும் விளங்கவில்லை. அம்மா தன் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.