சிட்டு வெறும் வயிற்றோடு வந்த கதை

பல் மருத்துவமனையின் இரண்டாவது மாடியில், லிஃப்டுக்கு எதிரே உள்ள சின்ன அறையில் வேலை பார்க்கும் நர்ஸுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பல்லக்கா. வயது நாற்பத்தெட்டு. அக்கா என்று கூப்பிடுவதில் அவருக்கு ஆட்சேபணை ஏதும் இல்லை. மயக்க மருந்து கொடுத்துப் பல் வைத்தியம் செய்யவேண்டிய பிள்ளைகளைப் பயம் தெளியவைத்து உள்ளே அனுப்புவது அவர் வேலை. பதினாறு வருஷமாகச் செய்கிறார். பிள்ளைகளால் ஒரு நாளும் தலைவலி வந்ததில்லையாம். வந்ததெல்லாம் அவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களால்.

அவர்கள் காரியத்தைப் பாதி கெடுத்துவிட்டுத்தான் லிஃப்டிலேயே ஏறுகிறார்கள். ஒரு பையனை மீன் தொட்டி பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டி வந்திருந்தார்கள். அவன் அறை முழுக்கத் தேடிவிட்டு, மேஜைக்கு அடியிலும் குனிந்து பார்த்துவிட்டு, மீன் எங்கே என்று பல்லக்காவைக் கேட்டான். இன்னொரு அப்பா, அழுதால் பெரிய ஊசி போடுவார்கள் என்று மிரட்டினார்; பிள்ளை அழுததும், ஊசியே கிடையாது என்று சத்தியம் செய்தார். பிள்ளை இரண்டையும் நம்பித் தொலைத்தது.

பல்லக்கா பிள்ளைகளிடம் பொய் சொல்வதில்லை. அவரிடம் துணியில் தைத்த முதலை ஒன்று இருக்கிறது. வாய் நிறையப் பல். அதன் மூக்கில் மாஸ்க் வைத்து, நடக்கப்போவதையெல்லாம் ஒன்றுவிடாமல் காட்டுவார். மாஸ்க் நாறும், புதிதாகப் பெயிண்ட் அடித்த கதவு மாதிரி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். ஸ்ட்ராபெர்ரி வேண்டுமா, ஆரஞ்சு வேண்டுமா என்று கேட்டு, கேட்ட வாசனையை மாஸ்க்கின் உள்பக்கம் தடவுவார். அப்புறம் பிள்ளை நர்ஸாகி முதலையைத் தயார் செய்ய வேண்டும். எல்லாம் இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷமும் பெற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் பதினாறு வருஷமாக நடக்காத காரியம்.

இவ்வளவு கெட்டிக்காரியின் கணவர் ஒரு வருஷமாக இடது பக்கத்தில் மட்டும்தான் மெல்லுகிறார். பல்லைக் காட்டச் சொன்னால், அடுத்த வாரம் என்கிறார். அவருக்கும் ஒரு தடவை முதலையை எடுத்துப்போய்க் காட்டினாராம். மனுஷர் முதலையைத்தான் பாராட்டினார்.

அன்று காலை எட்டு மணிக்குச் சிட்டு அந்த அறைக்கு வந்தாள். ஆறு வயது. எட்டுப் பல்லில் சொத்தை, இரண்டில் சீழ். கன்னத்தில் கை வைத்தபடியே நடந்து வந்தாள். ராத்திரி தூங்கியே பல நாள் ஆகிவிட்டது என்றார் அம்மா. இரண்டு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. எட்டரைக்கு அவள் முறை. இது தவறினால் இன்னும் ஆறு வாரம் அந்த வலியோடு கிடக்க வேண்டும். கூட வந்தவர்கள் அப்பா, அம்மா, அப்பாவின் அக்காவான அத்தை. அத்தையின் பையைத் தூக்கவே தனியாக ஓர் ஆள் வேண்டும்.

மயக்க மருந்துக்கு முந்தைய ஆறு மணி நேரம் பாலோ தின்பண்டமோ வயிற்றுக்குள் போகக் கூடாது. மயக்கத்தில் அது மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. இதைக் காகிதத்தில் கொட்டை எழுத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். போனிலும் இரண்டு முறை சொல்லியிருந்தார்கள். காலையில் ஏதாவது கொடுத்தீர்களா என்று பல்லக்கா கேட்டதற்கு மூன்று பேரும் ஒரே குரலில் இல்லை என்றார்கள். அப்பா கையெழுத்தே போட்டுக் கொடுத்தார். பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை என்று அத்தை கூடுதலாக ஒரு சாட்சியும் சொன்னார்.

சிட்டு முதலையைத் தயார் செய்யத் தொடங்கினாள். கைராசிக்காரி. தலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு, முதலையின் காலில் பெயர்ப்பட்டை கட்டினாள். மாஸ்க்கை அதன் மூக்கில் பொருத்தி, நாறும், பரவாயில்லை என்று சமாதானம் சொன்னாள். பல்லக்காவுக்கு மனசு குளிர்ந்தது. அதற்குப் பிறகு சிட்டு முதலையின் காது எங்கே இருக்கும் என்று தேடி, ஓர் இடத்தைக் காதாக வைத்துக்கொண்டு, குனிந்து சொன்னாள்:

"பால் குடிச்சத அப்பாகிட்ட சொல்லாத. பிஸ்கட் தின்னத அத்தைகிட்ட சொல்லாத. வாழைப்பழம் தின்னத அம்மாகிட்ட சொல்லாத. சரியா?"

பின்னால் உட்கார்ந்திருந்த மூவரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

அழுகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாத வீடு அது. மற்ற இரண்டு பேரும் கல் நெஞ்சுக்காரர்கள், பிள்ளையின் பசி தெரிந்தவர் தான் ஒருவர்தான் என்று அந்த மூவரும் தனித்தனியாக முடிவு செய்திருந்தார்கள். ஆறரைக்கு அடுப்படியில் அம்மா பால். ஏழு மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் அப்பா பிஸ்கட். ஏழரைக்கு இதே ஆஸ்பத்திரியின் கழிப்பறையில், கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, அத்தை வாழைப்பழம்.

தான் செய்ததற்கு வெட்கப்பட ஒருவருக்கும் தோன்றவில்லை. மற்றவர் செய்ததைக் கேட்டுத்தான் அதிர்ந்துபோனார்கள்.

"நீங்களா பிஸ்கட் குடுத்தீங்க?" என்றார் அம்மா.

"நீ பால ஊத்திட்டு என்னைக் கேக்குறியா?"

வாழைப்பழம் வழுக்கிக்கொண்டு போய்விடும், அதையெல்லாம் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது அத்தையின் வாதம். கழிப்பறையில் வைத்தா கொடுத்தீர்கள் என்று அம்மா கேட்டார். கை கழுவிவிட்டுத்தான் கொடுத்தேன் என்றார் அத்தை.

பல்லக்கா கண்ணை மூடி, பத்து வரை எண்ணப் பார்த்து, நாலில் நிறுத்திவிட்டு, மயக்க டாக்டரிடம் போனார். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். முறை ரத்து என்றுதான் முதலில் சொன்னார். பல்லக்கா விடவில்லை. கடைசி வாழைப்பழத்திலிருந்து ஆறு மணி நேரம் என்றால் ஒன்றரை. ஒரு மணிக்கு முடிகிற ஆபரேஷன் பட்டியலை ஒருநாள் இழுக்கக் கூடாதா என்று வாசலை மறித்துக்கொண்டு நின்றார். இரண்டு மணி, ஆனால் இனி ஒரு பருக்கை உள்ளே போனாலும் வீட்டுக்கு, என்று டாக்டர் இறங்கி வந்தார்.

பல்லக்கா சிட்டுவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். வயிறு காலியாக வேண்டும், நேரமாகும், பசிக்கும், பன்னிரண்டு மணி வரை வெறும் தண்ணீர் மட்டும் குடிக்கலாம். அத்தையின் பை பல்லக்காவின் அலமாரிக்குள் போய்ப் பூட்டப்பட்டது. அத்தை அதை எதிர்த்து மேலிடத்தில் புகார் செய்யப்போவதாகச் சொன்னார். மேலிடம் எந்த மாடி என்று பல்லக்கா வழியும் சொன்னார்.

இரண்டு மணி ஆனது. சிட்டு அசையவில்லை. முதலையைக் கட்டிக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உள்ளே டாக்டர் கடிகாரத்தைப் பார்ப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஊசிக்குப் பயமா, மாஸ்க் பிடிக்கவில்லையா என்று பல்லக்கா ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்று தலையாட்டல். கடைசியில் பிள்ளை வாயைத் திறந்தது.

"சொல்ல மாட்டேன்னு மூணு பேருக்கும் சொல்லியிருந்தேன். சொல்லிட்டேன்."

நீ முதலையிடம்தானே சொன்னாய் என்று சொல்லிவிடப் பல்லக்காவுக்கு நாக்கு துடித்தது. சாமர்த்தியமான பதில்தான். ஆனால் பொய்க்குப் பக்கத்து வீடு. விழுங்கிக்கொண்டு, வராந்தாவுக்குப் போய் விஷயத்தைச் சொல்லி, மூவரையும் வரிசையாக உள்ளே கூட்டி வந்தார்.

"சொல்லாதன்னு சொன்னதுதான் தப்பு. நீ சொன்னது தப்பில்லடா. சொன்னதாலதான் தப்பிச்சோம்" என்றார் அப்பா. அம்மாவும் அதையே சொன்னார். அழ வேண்டாம் என்று பல்லக்கா முதலிலேயே எச்சரித்திருந்ததால் மூக்கை மட்டும் உறிஞ்சினார். அத்தையின் முறை வந்தது.

"நானும் தப்புதான் பண்ணிட்டேன். ஆனா உங்க அம்மா பால் குடுத்தது எனக்கு..."

"'ஆனா' இல்லாம சொல்லுங்க அத்தை," என்றாள் சிட்டு.

அத்தை பல்லக்காவைப் பார்த்தார். பல்லக்கா கூரையைப் பார்த்தார்.

"தப்புதான்டி கண்ணு," என்றார் அத்தை.

சிட்டு ஆரஞ்சு என்றாள். தானே நடந்து போய்ப் படுத்தாள். நாறுகிறது என்று மாஸ்க்குக்குள்ளிருந்து ஒரு புகார் வந்தது; ஆமாம், சொன்னேன் இல்லையா என்றார் பல்லக்கா. எண்ணச் சொன்னதும் ஆறு வரை எண்ணித் தூங்கிப்போனாள்.

நாலு மணிக்குப் பல்லக்கா வெளியே வந்தார். மூன்று பல் எடுத்தாகிவிட்டது, ஐந்தை அடைத்தாகிவிட்டது, பிள்ளை கண் விழித்துவிட்டாள், நன்றாக இருக்கிறாள் என்றார். மூவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு அழுதார்கள். அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, முதலில் அப்பாவை லிஃப்டுப் பக்கம் அழைத்துப்போனார்; பிறகு அம்மாவை ஜன்னலோரம்; கடைசியாக அத்தையை, கழிப்பறைக்கு எதிர்த்திசையில். மூன்று இடத்திலும் ஒரே வாக்கியம்.

"நான் வந்து சொல்ற வரைக்கும் பிள்ளை வாயில எதையும் வைக்கக் கூடாது."