ஜூலையில் போகச் சொன்னவர்

சிட்னியின் பரமட்டாவில் ஒரு பயண முகவரின் வாசலில், சிக்கிம் சுற்றுலாவுக்கு ஆள் சேர்க்க நின்றார் அந்த மலைக்காரர். எங்கள் ஈழத்து ஆட்களின் சாப்பாட்டுக்கடைக் குசினியில் வேலை செய்து தமிழ் பழகியவர். சிக்கிமின் மூன்று இனத்தவரின் உடைகளைக் கலந்து முதலாளி அவருக்கு மாட்டியிருந்தார். தொப்பியை மட்டும் அடிக்கடி நேராக்கிக்கொண்டார்.

என் மச்சான் அவர் தோளில் கைபோட்டு செல்ஃபி எடுத்தான். “கூர்க்கா அண்ணை, எப்ப போனால் மலை வடிவு?”

“ஜூலை,” என்று சிரித்தார். மச்சான் பதிவுசெய்ய உள்ளே போனான்.

“இதில எது உங்கட உடுப்பு?” என்று நான் கேட்டேன்.

“தொப்பி மட்டும். நான் கூர்க்கா இல்லை, லெப்சா; சிக்கிமின்ர ஆதிச் சனம்.” குரல் தாழ்ந்தது. “நீங்கள் ஒக்டோபரில போங்கோ. விடிய மலை பொன்னா நிக்கும். ஜூலையில முழுக்க மழை, முகில்.”

“அப்ப அவன்?”

“நான் முன்னால நிண்டும் அவருக்கு என்னைத் தெரியேல்லை. மலையும் தெரிய வேண்டாம்.”

ஜூலையில் மச்சானை விமான நிலையத்தில் இறக்கிவிட்டது நான்தான். ஒன்றும் சொல்லவில்லை.