தபரான் முந்திக்கொண்ட கோடை

ஓமான் மணற்காட்டில் எங்கள் கூட்டத்துக் காபிஷ், ஹம்தூனின் மகள் துரய்யாவைப் பெண் கேட்டான்.

"ஒட்டக நாத்தம் புடிச்சவன் எனக்கு வேணாம்" என்றாள் அவள்.

"நம்ம மேல மட்டும் என்ன, அத்தரா மணக்குது?" என்றார் ஹம்தூன். அவள் மசியவில்லை.

காபிஷும் விடவில்லை. பேரீச்சை பழுக்கும் கோடையில் குடும்பங்கள் தோப்புக்கு இடம்பெயரும்போதெல்லாம், துரய்யா வீட்டாருக்குப் பின்னால் தன் ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு வந்தான். கிணற்றடியில் நாங்கள் அவனுக்குத் தபரான் என்று பெயர் வைத்துவிட்டோம்.

வானத்துக் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைத்தான் நாங்கள் துரய்யா என்போம். அதன் பின்னாலேயே எழும் சிவந்த ரோகிணி, தபரான். அதாவது, பின்னால் வருகிறவன். துரய்யாவை மணக்க ஒட்டகங்களைச் சீர்வரிசையாக ஓட்டிக்கொண்டு காலமெல்லாம் அவள் பின்னால் அலைகிறான் என்பது பழங்கதை.

"பின்னாடி வர்றவன்னா அதுல என்ன தப்பு?" என்று காபிஷ் ஒருநாள் எகிறினான்.

"துபுர்னா பின்பக்கம், ராசா. அதுலேர்ந்து வந்த பேருதான் இது. குண்டிக்காரன்னும் சொல்லலாம்!" என்றாள் என் நாத்தி ஷம்சா.

எங்களைவிட உரக்கச் சிரித்தவன் அவன்தான். "அந்த நட்சத்திரத்துக்கு ஹாதின்னும் பேரு உண்டு. ஒட்டகம் ஓட்டுறவன்னு அர்த்தம். அப்படிக் கூப்பிடுங்களேன்!"

யார் கூப்பிட்டோம்?

அடுத்த கோடையில், புறப்பட்ட சற்று நேரத்திலேயே அவனுடைய இளம் ஒட்டகம் தண்ணீர் வாசனை பிடித்து, மணல்மேட்டுக்கு அந்தப் பக்கமாகப் பிய்த்துக்கொண்டு ஓடியது. மற்றவையும் அதன் பின்னால். காபிஷ் ஒற்றைச் செருப்போடு துரத்தினான்.

இது துரய்யாவுக்குத் தெரியாது. அவள் திரும்பிப் பார்த்தாள், ஆளைக் காணோம். தோல்பை கழன்றுவிட்டது என்று ஒருமுறை நிறுத்தினாள். காலில் முள் என்று மறுமுறை.

"முள்ளா? நீ ஒட்டகத்து மேலதானே உக்காந்திருக்க!" என்றார் ஹம்தூன்.

தோப்புக்கு வந்து சேர்ந்தால், ஒட்டகங்கள் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, காபிஷ் வாய்க்காலில் காலைத் தொங்கப் போட்டு, வாய் நிறையப் பேரீச்சையோடு உட்கார்ந்திருக்கிறான்.

"யோவ், எங்கய்யா தொலைஞ்ச? திரும்பித் திரும்பிப் பாத்து என் கழுத்தே சுளுக்கிக்கிச்சு!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டாள். எங்கள் சிரிப்பில் தோப்பே அதிர்ந்தது. காபிஷுக்குப் புரையேறியது; ஹம்தூன்தான் முதுகில் தட்டினார்.

"சாவாதடா மாப்ள, கல்யாணம் இருக்கு!"

அந்த வாரமே கல்யாணம். மருதாணி காயுமுன்னே துரய்யா வாயைப் பொத்திப் பொத்திச் சிரித்ததில், கன்னமெல்லாம் சிவப்பு அப்பிக்கொண்டது. அந்தக் கன்னத்தோடுதான் மணப்பெண்ணாக உட்கார்ந்தாள். பார்த்த காபிஷ் எழுந்துபோய், தன் கன்னத்திலும் கொஞ்சம் பூசிக்கொண்டு வந்தான்.