கம்பவுண்டரின் கொட்டிக்கிழங்கு

கீரனூரில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். மூக்குக்கண்ணாடி எப்போதும் மூக்கு நுனியில்தான் நிற்கும். நாங்கள் அவித்துத் தின்னும் கொட்டிக்கிழங்கைக் கண்மாயிலிருந்து கொண்டுவந்து, மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியில் நட்டிருந்தார். நீருக்குள் அலையும் அந்த நீள இலைகளைக் காலையில் குனிந்து பார்த்து, "ராத்திரி தூங்குனீங்களா?" என்று நோயாளியை விசாரிப்பதுபோல் கேட்பார்.

ஒரு கோடையில் தொட்டியை என்னிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போனார். ஒரே வாரத்தில் இலைகளெல்லாம் உதிர்ந்துவிட்டன. செடி செத்துவிட்டது, கிழங்காவது வீணாகக் கூடாது என்று அவித்துத் தின்றுவிட்டேன்.

திரும்பி வந்தவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"கோடையில அது தூங்குமுங்க. மழைக்கு முழிச்சிருக்கும்" என்றவர், மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு, "உப்புப் போட்டுத்தானே அவிச்சீங்க?" என்று கேட்டார்.

அடுத்த கோடையிலும், புதுக் கிழங்கு நட்டிருந்த தொட்டியை என்னிடமே விட்டுப்போனார். கூடவே ஓர் ஓலைக்கொட்டான் நிறையக் கிழங்கு.

"இது திங்கிறதுக்கு. அது பாக்குறதுக்குங்க."