மூலத்தில் இல்லாத இரண்டு வரிகள்

நாடு விட்டு வந்து டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த அடுக்குமாடியின் லிஃப்ட் வாசலில் மாதம் ஒரு தடவையாவது ஓர் அறிவித்தல் ஒட்டுவார்கள். தண்ணீர் நிற்கும், லிஃப்ட் திருத்துகிறார்கள் என்று ஏதாவது இருக்கும். என் கணவரின் தகப்பன், நான் மாமா என்று கூப்பிடுபவர், அதன் முன்னால் நின்று, ஆங்கிலம் தெரியாத முதியவர்களுக்காகத் தமிழில் உரத்துச் சொல்வார். எண்பத்தாறு வயதிலும் அவருக்கு ஒரு சொல் தடுக்காது. எழுதியிருப்பதற்கு மேல் எதையும் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார். "உங்களுக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்ற கடைசி வரியையும் விடமாட்டார். ஒரு சனிக்கிழமை அந்த வரியை அவர் சொல்லி முடித்தபோது, உடுப்புக் கூடையோடு நின்ற ஒரு பெண் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தார்.

எட்டாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த அன்ரி அவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். "ஐயா, நீங்கள் கொழும்பிலை ரேடியோவிலை இருந்தனீங்களோ?" என்று கேட்டார். மாமா ஓம் என்றார். "எண்பத்துமூண்டுக் கலவரம் நடந்தநேரம் ஜனாதிபதியின்ரை பேச்சைத் தமிழிலை வாசிச்சது நீங்கள்தானே?" மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். மூப்பின் தளர்ச்சி என்று நினைத்து, நான்தான் அன்ரியையும் தேநீருக்கு வரச் சொன்னேன். அந்த அழைப்பை நினைக்காத நாளில்லை.

மாமா வானொலியில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் என்பது மட்டுமே எங்களுக்குத் தெரியும். அந்த நாட்களைப் பற்றி அவர் பேசுவதில்லை. பேசியது அன்ரிதான். கலவரம் தொடங்கிச் சில நாட்கள் கடந்திருந்தன. வீட்டை விட்டு ஓடிவந்தவர்களோடு அன்ரியின் குடும்பத்தாரும் ஒரு கோயில் மண்டபத்தில் இருந்தார்களாம். யாரோ ஒருவரிடம் ஒரு சிறிய ரேடியோ இருந்தது. "நாட்டின்ரை தலைவர் என்ன சொல்லப்போறார் எண்டு சனம் முழுக்க அதைச் சுத்தி இருந்தது. 'உங்களுக்கு நேர்ந்தவற்றுக்காக வருந்துகிறேன், இனி நீங்கள் அஞ்ச வேண்டாம்' எண்டு உங்கட குரல் சொல்லிச்சுது, ஐயா. அப்பா அழுததை நான் அண்டைக்குத்தான் பாத்தனான். தலைவரே சொல்லிப்போட்டார் எண்டு, அடுத்தநாள் காலமை வீட்டுப் பக்கம் போனவர். வீட்டு உறுதிப் பத்திரத்தையும் என்ரை பள்ளிக்கூடச் சேர்டிபிக்கற்றையும் எடுத்துக்கொண்டு வாறன் எண்டவர்."

அவர் திரும்பி வரவில்லை. அகதி வழக்குக்காகப் பல அதிகாரிகள் முன் சொல்லிப் பழகியவர் போல, குரல் மாறாமல் அன்ரி அதைச் சொன்னார்.

மாமாவின் தேநீரில் ஆடை படிந்துவிட்டது. கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "பிள்ளை, ஜனாதிபதி அப்பிடிச் சொல்லேல்லை" என்றார்.

பேச்சின் ஆங்கிலப் பிரதி தட்டச்சில் வந்ததாம். மாமா அப்போது நாலு நாளாக வீட்டுக்குப் போகவில்லை. வீடு இருக்கிறதா என்றுகூடத் தெரியாது. கூட வேலைசெய்த சிங்கள நண்பர் ஒருவர் தாளில் சுற்றிப் பாண் கொண்டுவந்து, அவர் சாப்பிட்டு முடியும்வரை கதவடியில் காவல் நிற்பாராம். அந்தப் பிரதியில் கலவரம் செய்தவர்களின் கோபத்துக்கு நியாயம் சொல்லியிருந்தது. செத்தவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. தாளைத் திருப்பிப் பின்புறமும் பார்த்தேன் என்றார் மாமா.

"எங்கட சனத்துக்கு ஆரும் ஒரு நல்ல சொல் சொல்லவேணும் போல கிடந்தது. ரெண்டு வரி நானா எழுதி வாசிச்சன். அந்த அறையிலை தமிழ் தெரிஞ்ச ஆள் நான் ஒருத்தன்தான். வருந்துகிறேன் எண்டதோடை விட்டிருக்கலாம். அஞ்ச வேண்டாம் எண்டு எழுத எனக்கு என்ன உரிமை இருந்தது?"

அன்ரி மேசை விரிப்பின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்பா போனதை நான் எப்பவோ ஏற்றுக்கொண்டிட்டன். அந்த மனுசன்ரை வாயிலையிருந்து எங்களுக்காக ஒரு சொல்லாவது வந்தது எண்டு நாப்பது வருசத்துக்கு மேலை நினைச்சுக்கொண்டிருந்தனான். அப்ப அதுவும் இல்லையோ?"

"இல்லை, பிள்ளை."

அன்ரி கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு மாமாவில்தான் கோபம் வந்தது. "ஏன் சொன்னனீங்கள் மாமா? அவ அந்த நிம்மதியோடை இருந்திருப்பா" என்றேன். "பொய்யாலை நிம்மதி குடுத்து ஒருக்காப் பாத்திட்டன்" என்றார். அதன்பிறகு அவர் அறிவித்தல் வாசிக்கவில்லை. யாராவது கேட்டால் கண் தெரியவில்லை என்பார். மாசி மாதத்தில் ஒருநாள் நித்திரையிலேயே போய்விட்டார்.

இப்போது நாங்கள் விட்பி என்ற ஊரில் இருக்கிறோம். எங்கோ ஒரு நாட்டில் சண்டை தொடங்குகிறது. அதன் தலைவர் திரையில் தோன்றி மக்களை அமைதியாக இருக்கச் சொல்கிறார். நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. கீழே ஓடும் மொழிபெயர்ப்பை எழுதியவர் எந்த அறையில் இருப்பார், அவருடைய வீட்டார் எங்கே இருப்பார்கள் என்றுதான் மனம் போகிறது.

மாமாவின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்த அன்று அன்ரியும் வந்திருந்தார். வரிசையில் நின்று, முறை வந்ததும் பூவைக் காலடியில் வைத்துவிட்டு நகராமல் நின்றார். பின்னால் நின்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். வெளியே வந்து என் இரண்டு கைகளையும் பிடித்தார்.

"அவரிலை எனக்குக் கோவம் இல்லை எண்டு சொல்லத்தான் வந்தனான், தங்கச்சி," என்றார். "முகத்தைப் பாத்தபிறகு சொல்ல முடியேல்லை. கோவம் இருக்குது."